கேட் வரைக்கும்

எட்டு. பலகையில் எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது அந்தப் பொண்ணு. மேகலா மேடம் என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் ஓட்டணும், அதுக்கு மேல ஓட்டச் சொன்னா முதலாளி மேல தப்பு, சரின்னு ஓட்டினா உங்க மேலயும் தப்பு என்கிறது. முப்பது பேர் எழுதிக்கொள்கிறார்கள். எல்லாம் புதுசு. போன மாசம், அதற்கு முந்தின மாசம் ஹெவி லைசென்ஸ் எடுத்ததுகள். நடுவில் நான் ஒருத்தன், அறுபத்தொரு வயசில், லாரிக்காரர் சங்கத்து மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில். நான் எழுதவில்லை. எட்டு எனக்குத் தெரியும். நாலு வருஷமாக எட்டு எட்டாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எட்டு, கூட வருகிறவனுக்கு எட்டு. என் கையெழுத்துக்கு மேலே ஒரு தடவைகூட ஒன்பது வந்ததில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன். ரயில் டிக்கெட் இருக்கிறது. நாளைக்குச் சாயங்காலம் சேலத்தில் ஏறணும், நாளன்னிக்கு ஓங்கோல், பத்தரைக்குக் கோர்ட். காலையிலிருந்து பத்துத் தடவை தொட்டாயிற்று. எங்கேயாவது விழுந்து தொலைந்திருக்காதா என்றுதான் தொடுகிறேன். இருக்கிறது. முதுகு வலிக்கிறது. உட்கார்ந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆபரேஷன் ஆன இடத்தில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. டாக்டர் அப்போதே சொன்னார், அரை மணிக்கு மேல் உட்காராதீங்க, லாரியை மறந்துடுங்க என்று. லாரியை மறந்துவிட்டேன். லாரிதான் என்னை விடவில்லை. இந்த முதுகை வைத்துக்கொண்டு செங்குன்றம் வரைக்கும் எட்டு மணி நேரம் நான் ஓட்டினேன் என்று சொல்லப்போகிறேன். ஜட்ஜ் நாற்காலி கொடுப்பாரா, நிற்க வைப்பாரா. நின்றால் சமாளிப்பேன். உட்காரச் சொன்னால் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும்.

"அஞ்சு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினா அரை மணி நேரம் கட்டாய ஓய்வு. ஓய்வுன்னா என்ன?" மேடம் கேட்கிறது. பின்வரிசையில் ஒருத்தன் "பீடிங்க" என்கிறான். சிரிப்பு. இன்னொருத்தன் "பீடியும் டீயும்ங்க" என்கிறான். மேடமும் சிரித்துவிட்டு, ஓய்வு என்றால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கணும், காலை நீட்டணும், கண்ணை மூடணும் என்கிறது. என் பக்கத்தில் இருக்கிறவன் ஏற்கெனவே மூடிவிட்டான். ரியாஸ் என்று காலையில் பேர் சொன்னான், பரமத்திப் பக்கம். பாலக்காட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து ஆறு மணிக்கு லாரி செட்டில் போட்டுவிட்டு, மூஞ்சி கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறான். தலை என் தோளில் சாய்கிறது. தள்ளிவிடுகிறேன். மறுபடி சாய்கிறது. டீசல் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும். தள்ளவில்லை. கிடந்து தொலையட்டும். தூக்கம் வந்தால் மனுசன் எப்படிக் கனக்கிறான். தலை மட்டும் பத்துக் கிலோ இருக்கும் போலிருக்கிறது. ராத்திரியெல்லாம் தனியாக லாரி ஓட்டின பூவரசனுக்கும் அந்த நேரத்தில் இப்படித்தான் கனத்திருக்கும். சாய்வதற்குப் பக்கத்தில் தோள் இல்லை. அந்த சீட்டில் நான் இருந்திருக்கணும். பேப்பரில் இருந்தேன்.

கேட் வரைக்கும். அதுதான் என் வேலை. தீவன ஆலையில் நெடுந்தூர லோடுக்கு ரெண்டு டிரைவர் இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டார்கள். சட்டம் பார்க்கிற ஆலை. கேட்டில் ரெண்டு லைசென்ஸும் காட்டணும், டிரிப் ஷீட்டில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், யார் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் எப்போது தூங்குவார், எல்லாம். முதலாளி சென்னியப்பன் செட்டில் ஏழு வண்டி, ஏழு டிரைவர். எட்டாவது ஆள் நான். லோடு ஏறினதும் கூப்பிடுவார்கள். போவேன். சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போவேன். ஸ்டியரிங்கில் நானே உட்காருவேன், கேட்காரன் சல்யூட் வைப்பான், ஹாரன் ஒரு தட்டு, வெளியே. பைபாஸ் பேக்கரி வரைக்கும் மூணு கிலோமீட்டர். பத்து நிமிஷம். அங்கே இறங்கிக்கொள்வேன், டிரைவர் இந்தப் பக்கம் மாறிக்கொள்வான், நான் ஒரு டீ குடித்துவிட்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். என் எட்டு மணி நேரத்தையும் சேர்த்து அவன் ஓட்டுவான். எல்லா செட்டிலும் இப்படி ஒரு கிழவன் உண்டு. யாரும் இதைத் தப்பு என்று சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், அது போதும் என்றிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டேன். பூவரசன் கிளம்பின அன்றைக்கு என் பேனா எழுதவில்லை. அவன்தான் தன் பேனாவைக் கொடுத்தான். "இந்தாங்க பெரியப்பா, நல்லா அழுத்திப் போடுங்க, மூணு காப்பிக்கும் எறங்கணும்." அழுத்திப் போட்டேன். கார்பன் வழியே மூணுக்கும் இறங்கியது.

யாரோ மின்விசிறியைக் கூட்டுகிறார்கள். தாள்கள் படபடக்கின்றன. மேடம் விபத்துக்கு வந்துவிட்டது. விபத்து நடந்தால் டிரைவர் என்ன செய்யணும். வண்டியை நிறுத்தணும். அடிபட்டவரைத் தூக்கணும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். போலீஸில் சொல்லணும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ளே. ஒருத்தன் எழுந்து, "ஊர்க்காரங்க அடிக்க வந்தா மேடம்?" என்கிறான். உசிருக்கு ஆபத்துன்னா ஸ்டேஷனுக்குப் போயிடுங்க, சட்டம் அதை ஒத்துக்குது என்கிறது. பூவரசன் அப்படி ஓடவில்லை. காலை பத்து நாற்பது. ஓங்கோல் எல்லையில் பால் கேனோடு மொபெட்டில் குறுக்கே வந்த ஆள். குறுக்கே வந்தாரா, இவன் பக்கவாட்டில் போனானா, இவனுக்கே தெரியாது. அடித்த சத்தத்தில்தான் முழித்தேன் பெரியப்பா என்றான். நிறுத்தினான். அந்த ஆளைத் தூக்கி கேபினில் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போனான். வழியெல்லாம் பால் சொட்டியதாம். கேனை ஏன் ஏற்றினான் என்று கேட்டேன். தெரியலை, அவுரு அதை விடலை என்றான். மத்தியானம் செத்துப்போனார். அவருக்கும் என் வயசு. இவனே ஸ்டேஷன் போனான், தெலுங்கில் பாதி தமிழில் பாதி, நேத்து சாயங்காலம் ஏழு மணியிலிருந்து தனியாகத்தான் ஓட்டுகிறேன், கண் அசந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னான். மேடம் பலகையில் எழுதுகிற நாலையும் அவன் வரிசை மாறாமல் செய்திருக்கிறான். யாரும் அவனை மண்டபத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சென்னியப்பன் மறுநாள் டிரிப் ஷீட்டை ஸ்டேஷனில் கொண்டுபோய் நீட்டினார். ஏழு மணியிலிருந்து விடிகாலை மூணு வரை நாச்சிமுத்து, அதாவது நான். மூணிலிருந்து பூவரசன். அதுவரை பூவரசன் ஓய்வு, உறக்கம். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவன் கண் அசந்தேன் என்கிறான், தனியாக வந்தேன் என்கிறான், பொய் சொல்கிறான் என்று ஆகிவிட்டது. மூணு காப்பியிலும்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன். அதை நினைக்கக்கூடாது என்று பார்க்கிறேன், அங்கேயேதான் போய் முட்டுகிறது. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தோசை மூணு. டிவியில் எதுவோ ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தேன். ஒன்பதுக்குப் படுத்தேன். காற்று நன்றாக வந்தது. எழுந்தபோது மணி அஞ்சு. எண்ணிப் பார்த்திருக்கிறேன், விரல் விட்டு எண்ணியிருக்கிறேன், சரியாக எட்டு. அவன் பேரில் எழுதின தூக்கத்தை நான் தூங்கியிருக்கிறேன். பத்து நாற்பதுக்கு எங்கே இருந்தேன் என்றால் சலூனில். சோப்பு நுரை மூஞ்சியில் இருந்தது. பதினொன்றரைக்கு போன் வந்தது. சரி, அதற்கப்புறமாவது தூக்கம் கெட்டதா? கெடவில்லை. இப்போதும் ஒன்பதுக்குப் படுத்தால் அஞ்சுக்குத்தான் முழிப்பு. அதுதான் அசிங்கம். அவன் ஜாமீனில் வந்து உட்கார்ந்து ராத்திரியெல்லாம் கூரையைப் பார்க்கிறானாம். முந்தா நாள் போன் பண்ணினான். திட்டுவான் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். திட்டவில்லை. "பெரியப்பா, நீங்க கோர்ட்டுல என்ன சொல்லணுமோ சொல்லுங்க. உங்க நிலைமை எனக்குத் தெரியும். மொதலாளிதான் உங்க ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில கூட இருந்தாருன்னு தெரியும். ஆனா ஒண்ணு." என்று இழுத்தான். நான் வழக்கம்போல, "சீக்கிரம் சொல்லுடா" என்று அதட்டினேன். அவனை அதட்டினேன். "எங்கம்மா அந்த டிரிப் ஷீட்டுப் பேப்பரை யாரையோ வச்சுப் படிச்சுக் கேட்டுட்டாங்க. எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சவன் ரோட்டுல வந்த ஆளைப் பாக்காம எப்படிடா போனே, குடிச்சிருந்தியான்னு கேக்குது. இல்லைன்னா நம்ப மாட்டேங்குது. சோறு போடுது, மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது. ஜெயிலுக்குப் போயிட்டு வந்துடுவேன் பெரியப்பா. இது எப்படின்னுதான் தெரியலை." நான் என்ன சொன்னேன்? சிக்னல் சரியில்லை என்றேன். அறுபத்தொரு வயசில் ஒருத்தன் சொல்கிற வார்த்தையா அது.

சென்னியப்பன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சுளுவாக இருந்திருக்கும். "ஒரே வார்த்தைதான் நாச்சிமுத்தண்ணா. செங்குன்றம் வரைக்கும் நான் ஓட்டினேன், வயித்து வலி வந்துச்சு, எறங்கி ஊருக்குத் திரும்பிட்டேன். அவ்வளவுதான். பையனுக்கு எப்படியும் தண்டனை வரத்தான் போவுது. கூட நாம எதுக்குண்ணா? ஏழு வண்டி, ஏழு குடும்பம்." லைசென்ஸ் இந்த மாசத்தோடு முடிகிறது, முடிந்துபோன லைசென்ஸோடு கூண்டில் ஏறினால் எதிர்தரப்பு வக்கீல் பிடுங்கியெடுத்துவிடுவான் என்று அவர்தான் இந்த வகுப்பில் சேர்த்துவிட்டார். சாயங்காலம் சர்டிபிகேட் கையில் கிடைக்கும், அதை வைத்து ரெனீவல். வேலை நேரச் சட்டத்தைப் படித்துத் தேறிய டிரைவர் என்று என்னைக் காட்டப்போகிறார்கள். அதைக் காட்டி மற்றதைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வருகிறது. வயித்து வலி என்று சொல்ல வேண்டுமாம். முதுகு வலி என்று சொல்லக்கூடாதா என்று கேட்டேன், அதுதானே உண்மையில் இருக்கிறது என்று. சென்னியப்பன் பதறிவிட்டார். "முதுகைப் பத்தி மூச்சு விடாதீங்க."

படிவம் வருகிறது. வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள். மாதிரி டிரிப் ஷீட். முதல் டிரைவர், இரண்டாம் டிரைவர், வேலை நேரம், ஓய்வு நேரம். "ஏதாவது ஒரு டிரிப்பை மனசுல வச்சுக்கிட்டு நிரப்புங்க. இதைச் சரியா நிரப்பினாத்தான் சர்டிபிகேட்" என்கிறது மேடம். ரியாஸ் முழித்துக்கொண்டான். வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க தாத்தா, பரீட்சையா? நீங்களுமா எழுதணும்?" என்கிறான். "எழுது" என்றேன். எழுதுகிறான். பாலக்காடு டிரிப்பைத்தான் எழுதுகிறான். முதல் டிரைவர் அவன். ரெண்டாவது கட்டத்தில் பேனா நிற்கிறது. என் மார்பில் குத்தியிருக்கிற பேர் அட்டையை எட்டிப் பார்க்கிறான். "தாத்தா, ரெண்டாவதுக்கு உங்க பேரையே போட்டுக்கறேன்." நா என்று எழுதிவிட்டான். ச்சி என்று எழுதப்போகிறான். கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் பேனா அவன் தொடையில் குத்திவிட்டது. "எழுதாதே." "அட, சும்மா பேருதானுங்க தாத்தா!" "எழுதாதேங்கறேன்." "இதென்ன நெசமாவா? பேப்பர்தானே? எங்க செட்டுல பழனியண்ணன் பேருதான் எப்பவும் போடுவோம், அவரு செத்தே ஆறு மாசமாச்சு!" முன்வரிசையில் ரெண்டு பேர் திரும்பிச் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். நல்ல பல். தூக்கம் போகாத கண். நான் அந்த நா மேல் நாலு கோடு கிழித்தேன். தாள் கிழிந்துவிட்டது. "கிறுக்குப் புடிச்ச ஆளா இருக்கீங்களே" என்று முனகிக்கொண்டு வேறு படிவம் வாங்கப் போனான்.

என் படிவம் மடியில் கிடக்கிறது. வெள்ளையாக. கை தானாகவே போகிறது, நாலு வருஷப் பழக்கம், எட்டு எட்டு, நடுவில் அரை மணி ஓய்வு, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும். முதல் டிரைவர் என்ற இடத்தில் பூவரசன் என்று எழுதினேன். ஏன் எழுதினேன். எழுதினது எழுதினதுதான். புறப்பட்டது மாலை ஏழு. முடித்தது காலை பத்து நாற்பது. மொத்தம் பதினைந்து மணி நாற்பது நிமிஷம். கட்டம் சின்னது, நிமிஷம் என்பது வெளியே போய்விட்டது. ஓய்வு நேரம். இங்கே எப்போதும் உறக்கம் என்று எழுதுவேன். கோடு போட்டேன். இரண்டாம் டிரைவர் நாச்சிமுத்து. வேலை நேரம் பத்து நிமிஷம். அடைப்புக்குள் கேட்டிலிருந்து பேக்கரி. ஓய்வு நேரம் இரவு ஒன்பதிலிருந்து காலை அஞ்சு. எட்டு மணி நேரம். இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வீடு. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. மாதிரித் தாள். குப்பைக்குப் போகிற தாள். நாலு வருஷத்தில் நான் எழுதின முதல் டிரிப் ஷீட் இதுதான் என்று தோன்றுகிறது. மேடம் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வருகிறது. டிக். டிக். ரியாஸுக்கும் டிக். ரெண்டாவது பேராக யாரைப் போட்டானோ. எனக்கு முன்னால் வந்து நின்றது. பார்த்தது. மறுபடி பார்த்தது. "அய்யா, தப்பாயிருக்கே. பதினஞ்சு மணி நேரம் ஒரே ஆளா? ரெண்டாவது டிரைவர் வீட்டுல தூங்கறாரா?" சிரித்தது. "ஆமாங்க" என்றேன். "இப்படி ஷீட் குடுத்தா செல்லாதுங்க அய்யா." "செல்லாதுங்க. தெரியும்." சிரிப்பு நின்றுவிட்டது. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டது. அப்புறம் குரலை இறக்கி, வேறு யாருக்கும் கேட்காமல், "கண்ணு சரியாத் தெரியலைன்னா சொல்லுங்க அய்யா, நான் எழுதித் தர்றேன். இந்தாங்க புதுசு. எட்டு எட்டுன்னு போட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சாயங்காலம் சர்டிபிகேட் வாங்கிக்கலாம்" என்றது. நல்ல பொண்ணு. அதன் பேனாவையே நீட்டியது.

இன்னொருத்தர் பேனா. கையில் வாங்கினேன். புதுத் தாளை வாங்கவில்லை. சிவப்புக் கோடு போட்ட தாளைத் திருப்பி இழுத்து அடியில் கையெழுத்துப் போட்டேன். அழுத்தி. "மாதிரிக்குக் கையெழுத்து வேண்டாமுங்களே, அதுவும் தப்பானதுக்கு" என்றது மேடம். "வேணும்" என்றேன். மடித்து ரயில் டிக்கெட்டோடு வைத்தேன். எழுந்தேன். முதுகு ஒரு வெட்டு வெட்டியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரியாஸ் கை கொடுக்க வந்தான். "தூங்குடா போய்" என்றேன். வாசலுக்கு வருவதற்குள் சென்னியப்பன் போன். "அண்ணா, சர்டிபிகேட் குடுத்துட்டாங்களா?" "பெயில் ஆயிட்டேனுங்க." "என்னண்ணா வெளையாட்டு? சரி, அதை நான் பாத்துக்கறேன். ஓங்கோல் போயிடுவீங்கல்ல?" "போவேன்." "அது போதும்ண்ணா" என்றார். பாவம். ஒன்றும் தெரியாமல் வைத்துவிட்டார். ஆபரேஷன் அன்றைக்கு ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கின மூஞ்சி. அதையும் பார்க்க முடியாமல் போகும் இனிமேல். வெளியே வெயில். மண்டபத்துக்கு முன்னால் ரோடு முழுக்க வண்டி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, எல்லாவற்றிலும் கேபினில் ஒரே தலை. பூவரசன் நம்பரைத் தேடினேன். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. தெரிந்தது. மணி அடிக்கிறது. எடுக்க வேண்டாம் என்று ஒரு பக்கம் இருந்தது. எடுத்தது அவன் அம்மா. "பூவரசன் இல்லீங்க, ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடப் போயிருக்கான்." குரலில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருத்தனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சிக்னல் நன்றாக இருந்தது. "உங்க பையன் அன்னிக்குத் தூங்கலை அம்மிணி. ஒரு நிமிஷங்கூடத் தூங்கலை. அந்தப் பேப்பர் பொய்." அந்தப் பக்கம், "யாருங்க பேசறது?"

"தூங்கினவன்" என்றேன்.